திண்டிவனம்: புளியங்காடும் அகழியும்

விழுப்புரத்திலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது திண்டிவனம். 'திண்டி' என்றதும் தின்பண்டம் நம் நினைவுக்கு வரக்கூடும். ஆனால் இப்பெயருக்கும் உணவுக்கும் உள்ள உறவு புளி வழியாக வந்தது.

வடமொழியில் திந்திரிணி என்பது புளியமரம். திந்திரிணிவனம் மக்கள் நாவில் தேய்ந்து திண்டிவனம் ஆயிற்று என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இவ்வூர்ச் சிவபெருமானின் திருப்பெயரும் திந்திரிணீஸ்வரர்.

சொல்லின் கதை அத்துடன் முடியவில்லை. தெலுங்கில் புளியமரம் 'சிந்த'. வடமொழியில் அதற்குச் 'சிஞ்சா' என்றொரு பெயரும் உண்டு. இவற்றின் ஒலியொற்றுமை கண்ட மொழியறிஞர் சிலர், சொல் தெற்கிலிருந்து வடக்கே போயிருக்கலாம் எனக் கருதுவர். மரமோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதை அராபியர் 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை, என்றனர். ஆங்கிலத்தின் 'டாமரிண்ட்' அதிலிருந்து பிறந்ததே.

இவ்விடத்திற்குப் புளியின் தொடர்பில்லாத பழம்பெயர் ஒன்றும் உண்டு. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, அவன் ஊர்களுள் ஒன்றாகக் கிடங்கிலைக் குறிக்கிறது. கிடங்கில் காவிதி கீரங்கண்ணனார், கிடங்கில் காவிதிப் பெருங்கொற்றனார் ஆகியோர் பாடல்கள் நற்றிணையில் உள்ளன. காவிதி என்பது அரசர் அளித்த பட்டம். பட்டம் பெற்ற புலவர்கள் வாழ்ந்த கோட்டையூர் அது. இன்று கிடங்கல் என்னும் பெயரில் திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாய்ச் சுருங்கிக் கிடக்கிறது.

கிடங்கு என்றால் பழந்தமிழில் அகழி. இன்றோ நாம் சரக்கு வைக்கும் இடத்தையே அச்சொல்லால் குறிக்கிறோம். பழம்பொருள் மறந்தவர் கண்ணுக்குக் கிடங்கல் ஏதோ ஒரு பண்டசாலையின் பெயராகத்தான் தோன்றும்.

அண்டை ஊருக்கும் இதே இடர் உண்டு. விழுப்புரத்தின் முன்னொட்டை 'விழுப்பொருள்' என்பதிலுள்ள 'விழு', அதாவது 'சிறந்த' என்று படிக்க இடமிருக்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டில் ழகரம் லகரமாகிவிட, அதைப் படிப்பவர் ஊர்ப்பெயரில் வில்லைத் தேடத் தொடங்கிவிடுகின்றனர்.

கல்வெட்டைக் காப்பது போலவே ஊர்ப்பெயரின் பொருளையும் காக்க வேண்டியுள்ளது. திண்டிவனத்துப் பிள்ளைகளுக்குப் புளியங்காட்டின் கதையைச் சொல்லும்போது, அதே ஊருக்குள் இருக்கும் அகழியூரின் கதையையும் நாம் சேர்த்துச் சொல்லலாமே.