காணாமல் போன இரண்டெழுத்து

ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி மார்பகங்களை அகற்றிக்கொண்டதை 2013-ல் அறிவித்தார்; 2015-ல் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார். பிஆர்சிஏ-1 என்ற மரபணுவின் பெயர் நம் ஊர்த் தினசரிகள்வரை வந்தது அப்போதுதான். அது பழுதானால் மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் வம்சத்தில் தொடரலாம் என்பது இன்று பலருக்கும் தெரிந்த செய்தி. இந்த மரபணுவில் வரக்கூடிய பழுதுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் கடல் கடந்து, கண்டம் கடந்து, மதமும் மாறி வந்த பழுது என்றால் 185டெல்ஏஜி என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

பிறந்த கதை சாதாரணமானது. பிஆர்சிஏ-1-ல் ஓரிடத்தில் ஏ, ஜி, ஏ, ஜி என்று டி.என்.ஏ. எழுத்துகள் அடுத்தடுத்து வருகின்றன. ஓலைச்சுவடியைப் பெயர்த்து எழுதுகிறவர், ஒரே சொல் இரண்டு முறை வரும் இடத்தில் கண் தவறி ஒரு முறை மட்டும் எழுதிவிட்டுப் போவதுண்டு. இங்கும் நடந்தது அதுதான்: டி.என்.ஏ. நகலெடுக்கப்பட்டபோது ஒரு ஏஜி விடுபட்டுப் போனது. மரபணுவை மும்மூன்று எழுத்தாகத்தான் செல் படிக்கும். இரண்டு எழுத்து குறைந்தால் அதற்குப் பின் எல்லாமே பிழை. 1,863 அமினோ அமிலங்கள் கோக்கப்பட வேண்டிய புரதம் 38-லேயே நின்றுவிடுகிறது. உடைந்த டி.என்.ஏ.வை ஒட்டவைப்பது அந்தப் புரதத்தின் வேலை. அது செய்யப்படாமல் கிடந்தால் பழுதுகள் சேர்ந்துகொண்டே போகும்.

ஆனால் உடனே ஒன்றும் நடப்பதில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பிரதி வருவதால், நல்ல பிரதி பல வருடங்கள் சமாளித்துவிடும். நோய் வரும் வயதில் பிள்ளைகள் பிறந்து வளர்ந்திருப்பார்கள். ஆண்களோ பெரும்பாலும் நோயே இல்லாமல் இதைச் சுமந்து மகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இயற்கைத் தேர்வின் கண்ணில் படாமல் இத்தனை தலைமுறை தப்பியதன் ரகசியம் இதுதான்.

இந்தப் பிழையின் வயதைக் கணக்கிட்டவர்களில் ஒரு குழு 46 தலைமுறை என்றது, பின்னால் வந்த குழு 61 என்றது. இன்னும் பழையதாகவும் இருக்கலாம். ஏனென்றால் ஐரோப்பாவுக்குப் போன யூதர்களிடமும், பாபிலோன் காலம் முதல் இராக்கில் வாழ்ந்த யூதர்களிடமும் இதே பிழை, அதே அக்கம்பக்க டி.என்.ஏ. அடையாளங்களோடு இருக்கிறது. ஐரோப்பாவில் இதற்கு எதிர்பாராத அதிர்ஷ்டம் அடித்தது. ஐரோப்பிய வம்சாவளியினரான இன்றைய அஷ்கெனாசி யூதர்கள், 600 முதல் 800 வருடங்களுக்கு முன் வாழ்ந்த வெறும் 350 பேர் அளவிலான கூட்டத்திலிருந்து பெருகியவர்கள் என்கிறது 2014-ல் வந்த ஓர் ஆய்வு. சின்னக் கூட்டத்தில் ஓரிருவரிடம் இருந்தாலே, கூட்டம் பெருகும்போது பிழையும் சேர்ந்து பெருகிவிடும்.

இன்னொரு கிளை ஸ்பெயினில் இருந்தது. 1492-ல் அரசு யூதர்களிடம் மதம் மாறு, இல்லையேல் வெளியேறு என்றது. மாறியவர்களின் வாரிசுகளில் சிலர் கப்பலேறி மெக்சிகோ போனார்கள். 1598-ல் ஒன்யாதே என்ற ஸ்பானியரின் தலைமையில் குடியேறிகள் நியூ மெக்சிகோவுக்கு நகர்ந்தார்கள். அங்கிருந்து போனவர்கள் 1851-ல் இன்றைய கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் அதே பெயரில் ஓர் ஊரை அமைத்தார்கள். எல்லோரும் கத்தோலிக்கர்கள். பாட்டனார் மதத்தை மறைத்தாரா, மறந்தே போனாரா, மரபணுவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

குடும்பங்களில் இப்படிப் புற்றுநோய் தொடர்ந்து வருவதைக் காகிதத்தில் பிடிக்க முயன்றவர்களில் முந்தியவர் பாரிஸ் அறுவை மருத்துவர் பால் பிரோக்கா. மூளையில் பேச்சுக்கான பகுதியைக் கண்டவர் என்று நாம் அறிந்த அதே பிரோக்கா. மனைவியின் குடும்பத்தில் பல தலைமுறைப் புற்றுநோய் மரணங்களைத் தொகுத்து 1866-ல் வெளியிட்டார். ஆனாலும் புற்றுநோய் பரம்பரையாக வரும் என்ற பேச்சை மருத்துவ உலகம் நெடுங்காலம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மரபியலாளர் மேரி கிளேர் கிங் 1970-களில் தேடத் தொடங்கி, 1990-ல் 17-வது குரோமோசோமில் மரபணுவின் இடத்தைக் குறித்துக் காட்டிய பிறகு காட்சி மாறியது. எல்லோரும் ஓடினார்கள். 1994-ல் முந்தியது யூட்டாவில் மார்க் ஸ்கோல்னிக்கின் குழு. மார்மன் சபையினர் மத நம்பிக்கைக்காகச் சேர்த்துவைத்த வம்சாவளிப் பதிவுகள் அவர்களுக்குப் பெரும் உதவி.

அடுத்த வருடமே 185டெல்ஏஜி எவ்வளவு பரவியிருக்கிறது என்பது தெரியவந்தது. டே-சாக்ஸ் முதலான வேறு நோய்களுக்காக அஷ்கெனாசி யூதர்கள் கொடுத்திருந்த ரத்தம் ஆய்வகங்களில் இருந்தது. 858 மாதிரிகளைத் தேடியதில் 8 பேரிடம் அந்தப் பிழை. நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர்! 2003-ல் சான் லூயிஸ் பள்ளத்தாக்கின் கத்தோலிக்கக் குடும்பங்களிலும் இது இருப்பது பதிவானது.

அதே 2003-ல், அடையாறு புற்றுநோய் மையத்தின் ஆய்விலும், தென்னிந்தியக் குடும்பங்களில் இதே பிழை தென்பட்டது. மிளகு வாங்க வந்த யூத வணிகர்களோடு கொச்சிக்கு வந்து, அங்கிருந்து இங்கே பரவியது என்று கதை கட்ட யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் 2007-ல் ஓர் இந்தியக் குடும்பத்தை ஆராய்ந்தவர்கள், பிழையின் அக்கம்பக்க அடையாளங்கள் யூதர்களுடையதோடு பொருந்தவில்லை என்று கண்டார்கள். அந்தக் குடும்பத்திலாவது அது தானாகவே பிறந்திருக்கிறது. ஏஜி ஏஜி என்று இருக்கும் இடத்தில் யார் வீட்டிலும் கண் தவறலாம். இதை ஒரு சமூகத்தின் நோய் என்று எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லாததற்கு இந்த ஒரு சான்று போதும்.

கண்டுபிடித்தவர்கள் கடையும் திறந்தார்கள். ஸ்கோல்னிக் பங்குபெற்ற மிரியட் ஜெனெடிக்ஸ் நிறுவனம் மரபணுவுக்கே காப்புரிமை வாங்கி, ஒரு பரிசோதனைக்கு 3,000 டாலருக்கு மேல் கேட்டது. இயற்கையில் இருக்கும் டி.என்.ஏ. யாருக்கும் சொந்தமில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013 ஜூன் 13 அன்று ஒருமனதாகச் சொன்னது. மற்ற ஆய்வகங்கள் அன்றைக்கே குறைந்த விலைக்குப் பரிசோதனை அறிவித்தன.

இதற்கிடையில் இன்னொரு திருப்பம். முன்னெச்சரிக்கையாக எடுக்கப்பட்ட உறுப்புகளை நெதர்லாந்திலும் பாஸ்டனிலும் நுணுக்கமாகப் பார்த்தவர்கள், சினைப்பைப் புற்றுநோய் என்று நாம் சொல்வது பெரும்பாலும் கருமுட்டைக் குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்று கண்டார்கள். சிகிச்சையிலும் பிழையே கைகொடுத்தது. பழுதான செல்லுக்கு டி.என்.ஏ.வைச் சரிசெய்ய மிச்சமிருக்கும் இன்னொரு வழியையும் அடைத்தால் அது செத்துப்போகும் என்று 2005-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. அந்த வழியை அடைக்கும் ஒலாபாரிப் மருந்துக்கு 2014-ல் அனுமதி கிடைத்தது.

2024-ல் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை, தாத்தா பாட்டிகளில் ஒருவராவது யூதராக இருக்கும் வயதுவந்த ஆண், பெண் யாரும் கேட்டால் எச்சில் மாதிரிக்கான குப்பியைத் தபாலில் அனுப்பியது. பிஆர்சிஏ-1 பழுது இருக்கும் பெண்களில் 80 வயதுக்குள் சினைப்பைப் புற்றுநோய் வரக்கூடியவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர். மற்றவர்களில் ஒருவர் அளவுக்கே. பழுது உறுதியானால், பிள்ளைப்பேறு முடிந்த பிறகு 35 முதல் 40 வயதுக்குள் குழாய்களையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுவது பற்றி மருத்துவர்கள் பேசத் தொடங்குவார்கள்.