அனுமதியும் பாதுகாப்பும்: கல்வி நிலையங்களின் அயல்நாட்டுப் பயண விதிகள் பற்றிய ஒரு விசாரணை

விருத்தாசலம் என்றதும் பக்தர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் நினைவுக்கு வருவதைப் போலவே, தொழிலறிந்தோருக்குப் பீங்கான் தொழிற்பேட்டையும், செராமிக் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு நடத்தும் அரசுக் கல்வி நிலையமும் நினைவுக்கு வரும். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு வெளிப்படும் களிமண்ணின் அண்மையால் வளம் பெற்ற இத்தொழில், பொம்மைகளையும் மின்சாரப் பியூஸ் கட்டைகளையும் வார்த்துச் சுட்டு விற்பதோடு அமைந்துவிட இயலாத காலம் இது. குஜராத்தின் மோர்பி நகரத்து டைல்ஸ் ஆலைகளும், இத்தாலியின் ரிமினியிலும் ஜெர்மனியின் மூனிக்கிலும் கூடும் செராமிக் கண்காட்சிகளும் இத்துறையின் போக்கை நிர்ணயிக்கின்றன. ஆதலின் இவ்வூர் ஆசிரியர் ஒருவரோ மாணவர் ஒருவரோ கடல் கடந்து சென்று புதிய சூளைகளையும் மெருகுகளையும் கண்டுவர விரும்பினால், அதனை அவருடைய தொழிற்கடமையின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

அவ்வாறு செல்ல விரும்புகிறவர் முதலில் சந்திப்பது அனுமதிக் கோப்பு. நம்முடைய பல்கலைக்கழகங்களிலும் அரசுக் கல்லூரிகளிலும் அயல்நாட்டுப் பயணத்துக்கென வழங்கிவரும் விதிகள், நிறுவனத்தை ஊழியரிடமிருந்து காப்பதற்கே பெரும்பாலும் இயற்றப்பட்டவை என்பதும், ஊழியரையும் மாணவரையும் பயணத்தின் அபாயங்களிலிருந்து காக்கும் பொறுப்பு அவற்றில் ஏறக்குறைய இடம்பெறவேயில்லை என்பதும், ஒருவருடைய பயணத்தைத் தடுக்கும் அதிகாரத்தை ஏற்றுக்கொண்ட நிறுவனம் அப்பயணத்தின் க்ஷேமத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கோப்பின் உள்ளடக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். விண்ணப்பதாரரின் பதவி, பணியேற்ற நாள், செல்லும் நாடு, எடுக்கும் விடுப்பின் வகை, செலவுக்கான பணம் வரும் வழி, நிலுவையில் ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்னும் கேள்வி (அலுவலகப் பேச்சில் ‘பதினேழு பி’ இருக்கிறதா என்பது) ஆகிய அனைத்தும் பிரிவு எழுத்தரின் குறிப்பில் ஏறி, கண்காணிப்பாளர் வழியாக முதல்வருக்கும், அவரிடமிருந்து துறைத் தலைமைக்கும் செல்லும். இறுதியில் வரும் செயல்முறை ஆணையில், விடுப்பை நீட்டிக்கக் கூடாது, அயல்நாட்டில் வேலை ஏற்கக் கூடாது, அரசிடம் செலவு கோரக் கூடாது என்ற நிபந்தனைகள் வரிசையாக நிற்கும். இவற்றுள் எதுவும் அநியாயமானதன்று. பொதுப் பணத்துக்கும் பொதுப் பணிக்கும் காவல் வேண்டியதே. ஆனால் அந்நிய ஊரில் நள்ளிரவில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் யாரை அழைப்பது, மருத்துவச் செலவை எந்தக் காப்பீடு ஏற்கும், கடவுச்சீட்டுத் தொலைந்தால் அதன் நகல் யாரிடம் இருக்கிறது என்னும் கேள்விகளுக்கு அந்தக் கோப்பில் பெரும்பாலும் இடமே ஒதுக்கப்படுவதில்லை.

சட்டமும் இம்மனப்போக்கைப் பிரதிபலிக்கிறது. 2010 ஆம் ஆண்டின் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 6 ஆம் பிரிவு, அரசு ஊழியரும் அரசுக் கட்டுப்பாட்டில் உள்ள அமைப்புகளின் ஊழியரும் மத்திய அரசின் முன் அனுமதியின்றி அயல்நாட்டாரின் உபசாரத்தை ஏற்கலாகாது என்கிறது. திடீர் நோய்க்கு அவசர மருத்துவ உதவி பெறுவதை மட்டும் விலக்கி, அவ்வுதவி பெற்றவர் ஒரு மாதத்துக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. ஊழியர் அயல்நாட்டில் நோயுறக்கூடும் என்பதைச் சட்டம் அறிந்திருக்கிறது. எனினும் அந்நோய் அங்கே தோன்றுவது அறிவிக்க வேண்டிய ஓர் அனுகூலத்தின் காரணமாக மட்டுமே. சட்டத்தின் நோக்கம் வேறு என்பதால் அதனைக் குறை கூறுவது முறையன்று. அதே நோயை வேறொரு கண்ணோடு பார்க்கும் விதி எங்கேயேனும் இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

இக்கவலை புதியதன்று என்பதற்குத் தமிழ்நாட்டின் சரித்திரத்திலேயே பிரசித்தமான சாட்சி இருக்கிறது. சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக இருந்த சீனிவாச ராமானுஜனுக்கு, பட்டம் பெறாதவர் என்ற தடையையும் கடந்து, சென்னைச் சர்வகலாசாலை 1913 இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. மறு ஆண்டு, கேம்பிரிட்ஜிலிருந்து வந்திருந்த கணித அறிஞர் நெவில் எடுத்துரைத்ததன் பேரிலும், துறைமுகத் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங் ஆளுநரின் ஆதரவை நாடியதன் பேரிலும், ஆண்டுக்கு 250 பவுனும் கப்பற்பயணத்துக்கும் ஆடைக்கும் தனித்தொகையும் அனுமதித்தது. அக்காலத்துச் சர்வகலாசாலை ஒன்று, பட்டமில்லாத ஓர் இளைஞனுக்காகச் சில வாரங்களில் இவ்வளவும் செய்தது என்பது இன்றைய கோப்புகளின் வேகத்தை அறிந்தவர்க்குப் பெருவியப்பாகவே இருக்கும். 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் ‘நெவாஸா’ கப்பலில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

உதவித்தொகையில் ஒரு பகுதி கும்பகோணத்திலிருந்த குடும்பத்துக்குச் சேரவும் ஏற்பாடாயிற்று. இங்கிலாந்துக் குளிரில் சைவ உணவு மட்டும் உண்பவர் ஒருவர் எவ்வாறு உயிர்வாழ்வார் என்பதற்கோ எவரும் திட்டம் வகுக்கவில்லை. அவருடைய கேம்பிரிட்ஜ் நண்பரும் பிற்காலத்தில் புள்ளியியல் மேதையாக விளங்கியவருமான மஹலநோபிஸ் ஒரு செய்தியைச் சொல்லியிருக்கிறார். இரவில் குளிரால் உறங்க முடியவில்லை என்று ராமானுஜன் சொல்ல, மஹலநோபிஸ் அவருடைய படுக்கையைச் சென்று பார்த்தாராம். கம்பளிகள் யாவும் மெத்தையின் ஓரங்களில் செருகப்பட்டு ஒழுங்காகவே இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பதை அறியாமல், மேலங்கியை அணிந்துகொண்டு சால்வையைப் போர்த்தி அவற்றின் மேலேயே ராமானுஜன் படுத்துவந்தார். எண்களின் அந்தரங்கத்தை அறிந்த ஒருவருக்குக் கம்பளியின் வழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் தற்செயலாகவே வாய்த்தார். உலகப் போர் மூண்டபின் காய்கறியும் அரிதாயிற்று. 1917 இல் நோயுற்று மருத்துவ விடுதிகள் பலவற்றில் கழித்து, 1919 இல் தாயகம் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26 அன்று முப்பத்திரண்டாம் வயதில் காலமானார். அவருடைய மரணத்துக்குச் சர்வகலாசாலையைப் பொறுப்பாக்குவது மூடத்தனம். போரையும் நோயையும் எந்த விதியும் நிறுத்தியிராது. ஆயினும் அனுமதியும் பணமும் தாராளமாகக் கிடைத்தபோதும் பராமரிப்புக்கென ஒருவர் நியமிக்கப்படாவிட்டால் என்ன நேரும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் அறியேன்.

கற்றவர்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்வார்கள், அவர்களுக்கு எதற்கு நிறுவனத்தின் காவல் என்று கேட்போர் உண்டு. ராமானுஜனின் கதையே அதற்குப் போதிய விடை. மற்றொரு விடையும் உண்டு. கடலூர் மாவட்டத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்குக் கூலி வேலைக்குச் செல்லும், பத்தாம் வகுப்புத் தேறாத ஒரு தொழிலாளி, 1983 ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி அனுமதி பெறும்போது பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்னும் காப்பீட்டை எடுத்தே ஆக வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய்க் கட்டணத்தில், விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் பத்து இலட்சம் ரூபாய்க்கு அது பொறுப்பேற்கிறது. அத்தொழிலாளியை இடைத்தரகர்கள் ஏமாற்றுவதும், அயல்நாட்டில் அவர் படும் துன்பமும் யாவரும் அறிந்தவை. அவருக்குப் போதிய பாதுகாப்பு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அனுமதியோடு காப்பீட்டையும் ஒரே முடிச்சாகக் கட்டும் தத்துவம் அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. கருத்தரங்குக்குச் செல்லும் விரிவுரையாளரின் ஆணையில் அது இல்லை. இத்தாலிக்குச் செல்பவர் முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுக்கிறார் என்றால், அதனைக் கேட்பது ஷெங்கன் விசா வழங்கும் அந்நியத் தூதரகம். அவரை அனுப்பும் கல்லூரி கேட்பதில்லை.

காப்புக் கடமையை நிறுவனத்திடம் ஒப்படைத்தால் அது கட்டுப்பாட்டை இன்னும் பெருக்கிவிடாதா என்பது இதனினும் கனமான ஆட்சேபம். அயல்நாடு செல்லும் உரிமை அரசியல் சாசனத்தின் 21 ஆம் விதியில் அடங்கிய தனிமனித சுதந்திரத்தின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 1967 இல், சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் தீர்ப்பளித்தது. கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்ததும் அதனை ஒட்டியே. ‘பாதுகாப்பு’ என்ற பெயரால் ஒரு பெண் ஆசிரியரின் பயணத்தையோ ஆராய்ச்சி மாணவியின் பயணத்தையோ மறுக்கும் அதிகாரிகள் தோன்றுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே நான் வேண்டுவது மறுப்பதற்குப் புதிய காரணங்களை அன்று. சொந்த விடுப்பில் உறவினரைக் காணச் செல்பவரைத் தகவல் பெற்றுக்கொண்டு விட்டுவிடலாம். நிறுவனத்தின் பொருட்டுச் செல்பவர் விஷயத்தில், அபாயத்தைக் கண்டால் அதனைக் குறைக்கும் வழியைச் சொல்லும் கடமை அதிகாரிக்கு இருக்க வேண்டும்; பயணத்தை நிறுத்துவது இறுதியான, எழுத்தில் காரணம் காட்டப்பட்ட, மேல்முறையீட்டுக்கு உட்பட்ட செயலாகவே இருக்க வேண்டும்.

இவ்விடத்தில் காலதாமதம் என்னும் பெருந்தீமையைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம். தாமதத்தை நாம் சலிப்பூட்டும் விஷயமாக மட்டுமே கருதுகிறோம். அதுவே ஓர் அபாயம் என்பதை உணர்வதில்லை. டைல்ஸ் உற்பத்தியில் உலகின் முன்வரிசையில் நிற்கும் பிரேசிலுக்கு ஒருவர் செல்வதாகக் கொள்வோம். அங்கிருந்து திரும்புகிறவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இல்லையேல் இந்தியா வந்து இறங்கியதும் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கப்படுவார். அச்சான்று ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும். விருத்தாசலத்தில் இருப்பவர் சென்னை சென்று கிண்டி கிங் நிலையத்திலோ துறைமுகச் சுகாதார அலுவலகத்திலோ அதனைப் போட்டுக்கொள்ள வேண்டும். விமானம் ஏறுவதற்கு மூன்று நாள் முன்பு ஆணை கையில் கிடைத்தால், அவர் காப்பற்ற உடலோடு செல்ல வேண்டும் அல்லது பயணத்தைக் கைவிட வேண்டும். கோப்பு எத்தனை நாளில் முடிவு பெற வேண்டும் என்று வரையறுப்பதும் பாதுகாப்பு விதியே.

கல்வி நிர்வாகத்தின் பிடிவாதம் உயிரோடு விளையாடியதை 2022 இல் உக்ரைனில் கண்டோம். பிப்ரவரி 15 அன்றே இந்தியத் தூதரகம், தற்காலிகமாக வெளியேறுவது பற்றி ஆலோசிக்குமாறு இந்திய மாணவர்களுக்குக் கூறியது. இணையவழி வகுப்பு உறுதியாகுமா, வருகைப்பதிவு குறையுமா என்ற தயக்கத்தில் பலர் தங்கினர். பல்கலைக்கழகங்களின் உறுதிமொழிக்குக் காத்திராமல் புறப்படுங்கள் என்று தூதரகம் 22 ஆம் தேதி மீண்டும் அறிவிக்க நேர்ந்தது. 24 ஆம் தேதி போர் தொடங்கிற்று. அபாயம் கருதித் திரும்புகிறவருக்கு வருகைப்பதிவோ விடுப்போ உதவித்தொகையோ குறையாது என்னும் ஒரு வாசகம், ஒவ்வொரு அனுமதி ஆணையிலும் இருக்க வேண்டியது.

சிறு கல்வி நிலையங்களுக்கு இவற்றைச் செய்யப் பணமும் ஆளும் ஏது என்பர். உண்மை. விருத்தாசலம் நிலையம் தனியே காப்பீட்டு ஒப்பந்தம் செய்ய இயலாது. அதனை நடத்தும் தொழில் வணிகத் துறை, தன் கீழுள்ள எல்லா நிலையங்களுக்கும் சேர்த்துக் கூட்டுக் காப்பீடு பெறலாம். எனினும் பணமே தேவைப்படாத காரியங்களும் உள. வளைகுடா வழியாகச் செல்பவர் பெட்டியில், வீட்டார் அன்போடு கட்டிக்கொடுத்த மசாலாவில் கசகசா இருந்தால் அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள் என்பதை முன்கூட்டியே சொல்லலாம். செராமிக் துறையினருக்கோ இன்னொரு சங்கடம் பிரத்தியேகமாக உண்டு: சோதனைக்கென அவர்கள் எடுத்துச் செல்லும் கயோலினும் அலுமினாவும், பிளாஸ்டிக் பையில் கட்டிய வெள்ளைப் பொடியாகவே சுங்க அதிகாரியின் கண்ணுக்குப் படும்; ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மண் சார்ந்த பொருள்களைக் கடுமையாக ஆராய்வர். பொடியின் பெயர், இரசாயன இயல்பு, எடை, எடுத்துச் செல்வதன் நோக்கம் ஆகியவற்றை நிலையத்தின் முகப்புத் தாளில் ஒரு பக்கத்துக்கு எழுதி, முதல்வர் கையொப்பமிட்டு, இரவிலும் ஒருவர் எடுத்துப் பேசக்கூடிய தொலைபேசி எண்ணை அதன் கீழே குறித்து, அனுமதி ஆணையோடு ஒரே உறையில் வைத்துப் பயணியிடம் கொடுக்க வேண்டும்.