கல்லில் பொறித்த வேண்டுகோள்

சாரல் காலத்தில் குற்றாலம் செல்லும் நம்மில் பலர், அருவியில் குளித்ததோடு திரும்பிவிடுகின்றோம். அங்கே தமிழகத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருப்பதை அறிந்தோர் சிலரே.

அருகிலுள்ள தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலை 1446இல் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டிய மன்னர், பிற்காலத்தில் அதனைப் பழுதுபார்த்துக் காப்போரைத் தாம் பணிவதாகக் கல்லில் பொறிக்கச் செய்தார். 1924இல் தீயினால் சிதைந்த அதன் இராஜகோபுரம், 1990இல் மீண்டும் எழுந்தது. கல்லில் நின்ற சொல் நூற்றாண்டுகள் கடந்தும் பேசுகின்றது.

பழைய பள்ளிவாசல்களைப் புதுப்பிக்கும்போது, கட்டியோர் பெயரும் வக்ஃபு விபரமும் தாங்கிய கற்கள் தரைக்கடியில் மறைந்துவிடக்கூடும். கல் மறைந்தால் சான்றும் மறையும். ஆகவே, பணி தொடங்குமுன் கல்வெட்டுகளையும் மீஸான் கற்களையும் படியெடுத்து, ஜமாஅத் பதிவேட்டில் சேர்ப்போமாக! மதரஸா பிள்ளைகளுக்கும் அவற்றை வாசித்துக் காட்டுவோமாக!