கேட்பாரற்ற கணக்குகள்

1960-களின் நடுவில் வந்து நின்றுபோன ஒரு சிற்றிதழில், புனைபெயரில் எழுதப்பட்ட விமர்சனக் கட்டுரை ஒன்றைச் சில மாதங்களாகத் தேடிக்கொண்டிருந்தேன். இணையத்தில் அந்தப் பெயரை இட்டால் ஒரு ஜோசியர் வந்தார், ஒரு நகைக்கடை வந்தது, கட்டுரை வரவில்லை. அது அழிந்துவிட்டது என்றே முடிவு செய்திருந்தேன். பிறகு வேறொரு காரியமாகப் போன நூலகத்தில் சும்மா கேட்டுவைத்தேன். நூலகர் அட்டைப் பெட்டியை இழுத்தார். "பத்திரிகை பேர்ல தேடினா கிடைக்காது சார். பைண்டு பண்ணவன் ரெண்டு பத்திரிகையை ஒண்ணாத் தைச்சுட்டான்" என்றார். அவருக்கு முன்பு அங்கே வேலை பார்த்த யாரோ, இன்ன தொகுதியின் பின்பகுதியில் காண்க என்று அட்டையில் பென்ஸிலால் எழுதியிருந்தார். புனைபெயருக்கு எதிரே இயற்பெயரும் இருந்தது. பத்து நிமிஷத்தில் கட்டுரை கைக்கு வந்தது.

அந்தப் பென்ஸில் வரி எத்தகைய காரியம் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானபோது அந்த வேலை அவருக்கு அலுப்பூட்டியது; கல்லூரிக்கே திரும்பிவிட விரும்பினார். லண்டனில் நூலகப் பயிற்சிக்குப் போன பிறகுதான் அதில் சிந்தனைக்குரிய பிரச்னை ஒன்று இருப்பதைக் கண்டார். அப்போது வழக்கிலிருந்த வகைப்பாடுகள் முன்கூட்டியே செய்துவைத்த பெட்டிகள். பெட்டிக்கு அடங்காத நூல் எங்கும் சேராது. ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோது அவருக்கு வழி புலப்பட்டது என்பார்கள். சில பட்டைகளையும் திருகுகளையும் வைத்து, சேர்க்கிற விதத்துக்கு ஏற்பப் புதிய உருவங்களைக் கட்டலாம். 1933-ல் வெளியான அவருடைய கோலன் வகைப்பாட்டுக்கு இதுவே அடிப்படை.

அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1931-ல், நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் வெளியிட்டார். இரண்டாவது விதி வாசகன் பக்கம் நிற்கிறது: அவனுக்குரிய நூல் அவனுக்குக் கிடைக்க வேண்டும். மூன்றாவது நூலின் பக்கம் நிற்கிறது: ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகன் வந்து சேர வேண்டும். அதே வருஷம் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூல்கள் கிராமங்களுக்குப் போயின. வாசகன் வரும்வரை காத்திராமல் நூல் கிளம்பிப் போனது.

இணையம் இரண்டாவது விதியைப் பெருமளவு நிறைவேற்றிவிட்டது. கேட்கத் தெரிந்தவனுக்கு, பலரும் கேட்ட பொருள், கேட்ட மாத்திரத்தில் கிடைக்கிறது. மூன்றாவது விதி அப்படியே நிற்கிறது. யாரும் கேட்காத நூலின் சார்பில் யாராவது ஒருவர் முன்கூட்டியே உழைத்திருக்க வேண்டும். தமிழில் இந்த உழைப்பு இன்னும் கூடுதலாகத் தேவை. கதை எழுதிய புதுமைப்பித்தனும் கவிதை எழுதிய வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளையும் சொ. விருத்தாசலம் என்ற ஒரே மனிதர் என்பதை எந்த யந்திரமும் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு மனிதர் அறிந்து எழுதிவைத்ததைத்தான் யந்திரம் நமக்குத் திருப்பிச் சொல்கிறது.

நான் வங்கியில் குமாஸ்தா. பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத் தொகையை, 2014-ல் ஏற்பட்ட திட்டப்படி, ரிசர்வ் வங்கியின் நிதிக்கு அனுப்பிவிடுகிறோம். ஆனால் கணக்கு சாவதில்லை. உடையவரோ வாரிசோ எப்போது வந்து கேட்டாலும், சரிபார்த்துக் கொடுத்தாக வேண்டும். பணத்துக்கு நாம் தரும் இந்த மரியாதையை அச்சடித்த சொல்லுக்குத் தருவதில்லை. பத்து வருஷம் யாரும் தொடாத நூல் கழிவுப் பட்டியலில் சேர்கிறது. அதற்கு வாரிசு எவன் என்று யாரும் விசாரிப்பதில்லை.

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா விசாரித்தார். புத்தகங்களையும் பத்திரிகைகளையும் மட்டுமல்லாமல் நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று பண்டிதர்கள் தீண்டாத காகிதங்களையும் சேர்த்தார். 1992-ல் அவர் இறந்தபோது சேகரிப்பு ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. சேகரிப்பு தமிழ்நாட்டிலேயே தங்க, 1994-ல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. அங்கே நூல்களுக்குப் பட்டியல் போட்டார்கள், மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். முத்தையா சேர்த்ததோடு நின்றிருந்தால் அது ஒரு வீட்டுக்குள் கிடந்த காகிதக் குவியல். பட்டியல் போட்டவர்களால் அது நமக்கு நூலகமாயிற்று.

சுதந்திரத்துக்குப் பின் இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது, 1948-ல். அதற்கு ரங்கநாதனின் உழைப்பு காரணம். சொத்து வரியோடு நூலக வரியும் அதன்படியே வசூலாகிறது. எனவே நூலகம் யாரும் நமக்குப் போடும் பிச்சை அல்ல; கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கட்டிடம் எழுப்பினார்களா, கணினி வாங்கினார்களா என்று கேட்கிறோம். பட்டியல் போடத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று கேட்பதில்லை.

எனக்குக் கட்டுரையை எடுத்துக் கொடுத்த நூலகர் சீக்கிரமே ஓய்வு பெறுகிறார். அங்கே பட்டியல் கணினிக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. தலைப்பும் ஆசிரியர் பெயரும் ஏறுகின்றன. பென்ஸில் குறிப்புக்கு அதில் கட்டம் இல்லை. அட்டைகளை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "எடைக்குப் போகும் சார்" என்றார்.

சில நூறு பிரதிகள் அச்சாகும் இந்தப் பத்திரிகையின் கதியும் இதுதான். நம்மில் பாதிப் பேர் புனைபெயரில் எழுதுகிறோம். இதழ்கள் கைமாறித் தொலைகின்றன. இரண்டு நூலகங்களுக்காவது இந்தப் பத்திரிகையின் முழு வரிசையும், யார் யார் எந்தப் பெயரில் எழுதினார்கள் என்ற பட்டியலும் போய்ச் சேர வேண்டும். பட்டியலை எழுத நான் தயார். நண்பர்கள் தங்கள் பெயர்களை அனுப்பினால் போதும்.