கொமேனியஸ் தந்த படநூல்

குழந்தையின் கையிலுள்ள படப்புத்தகம் விளையாட்டுப் பொருளா, கல்விக் கருவியா? இரண்டும் ஒன்றே என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே காட்டியவர் மொராவிய அறிஞர் கொமேனியஸ்.

அவர் முப்பதாண்டுப் போரினால் தாயகம் இழந்தவர். கொள்ளைநோய்க்கு மனைவியையும் இரு மக்களையும் பறிகொடுத்தவர். 1656-இல் அவர் குடியிருந்த போலந்து நகராகிய லெஷ்னோ தீக்கிரையாயிற்று. பல்லாண்டு உழைத்தெழுதிய கையெழுத்துப் படிகளும் அழிந்தன. ஈராண்டு கழித்து, 1658-இல், நூரம்பர்க் நகரில் அவரது 'ஓர்பிஸ் பிக்டஸ்' வெளிவந்தது.

அதில் படத்திலுள்ள பொருள்களுக்கு எண்ணிட்டு, அவ்வெண்களையே இலத்தீன், ஜெர்மன் சொற்களுக்கும் இட்டிருந்தனர். எழுத்துப் பாடமோ காகம் கரைவதிலும் ஆட்டுக்குட்டி கத்துவதிலும் தொடங்கியது. பள்ளிக்குச் செல்லுமுன்பே நூலை வீட்டில் கொடுங்கள், படங்களைப் பார்த்துக் குழந்தைகள் தாமே வரையட்டும் என்று முன்னுரையில் அவர் வேண்டினார்.

மொழிபெயர்ப்பே தொழிலாகிய எனக்கு, ஒரே படத்தின்கீழ் இரு மொழிகள் அருகருகே நிற்கும் காட்சி பெருமகிழ்ச்சி தருவது. நம் நாட்டில் 1957-இல் கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் டில்லியில் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையை நிறுவியதும் அவ்வழியில் வந்த பணியே.

மாலையில் சிறிது நேரம் குழந்தையை அருகில் அமர்த்திப் படம் காட்டுங்கள், பெயர் சொல்லுங்கள், காகத்தைப்போல் கூடவே கரையுங்கள், பென்சிலையும் கையில் கொடுங்கள். எல்லாம் இழந்த ஒருவர் பிறர் மக்களுக்கென விட்டுச்சென்ற செல்வம் அது.