ஹேலோ 2600

ஹேலோ 2600 என்பது, எக்ஸ்பாக்ஸ் கன்சோலின் அடையாளமாக விளங்கும் ‘ஹேலோ’ வீடியோ கேமை அடாரி 2600 கன்சோலில் ஓடும்படி சுருக்கிய விளையாட்டு. அமெரிக்க நிரலாளர் எட் ஃப்ரைஸ் எழுதிய இது, 2010 ஜூலை இறுதியில் லாஸ் வேகஸில் நடந்த ‘கிளாசிக் கேமிங் எக்ஸ்போ’வில் வெளியானது. பழைய படைப்பைப் புதுக்கி எடுப்பது ரீமேக். புதிய விளையாட்டைப் பழைய கருவிக்கு இறக்கிச் செய்வது டீமேக். டீமேக் வகையில் பெரிதும் அறியப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று.

பின்னணி

ஃப்ரைஸ் பள்ளிப் பருவத்திலேயே அடாரி வீட்டுக் கணினிகளுக்கு விளையாட்டு எழுதத் தொடங்கியவர். பின்னர் மைக்ரோசாஃப்டின் கேம் வெளியீட்டுப் பிரிவுக்குத் துணைத் தலைவரானார். 2001 நவம்பரில் முதல் ஹேலோ எக்ஸ்பாக்ஸுடன் வெளிவந்தபோது அந்தப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. 2004இல் அங்கிருந்து விலகினார். அடாரி 2600 எப்படி இயங்குகிறது என்பதை ஆராயும் ‘ரேசிங் த பீம்’ (2009) என்ற நூலைப் படித்ததும், அந்தக் கருவிக்குத் தானும் ஒன்று எழுதிப் பார்க்கும் ஆசை அவருக்குப் பிறந்தது. நூலாசிரியர்கள் நிக் மான்ட்ஃபர்ட், இயன் போகோஸ்ட்.

கருவியின் எல்லை

1977இல் விற்பனைக்கு வந்த அடாரி 2600இல் இருப்பது 128 பைட் நினைவகம். யுனிக்கோடின் UTF-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் வேண்டும். ஆகவே 42 குறிகளோடு இந்த நினைவகம் நிரம்பிவிடும். முதல் எக்ஸ்பாக்ஸின் 64 மெகாபைட் இதைவிட 5,24,288 மடங்கு பெரியது. ஹேலோ 2600இன் நிரல், படங்கள், ஒலி எல்லாம் 4 கிலோபைட் கார்ட்ரிட்ஜுக்குள் அடங்கியுள்ளன. இந்தக் கட்டுரையில் பாதியைக்கூட அந்த இடத்தில் வைக்க முடியாது.

இடத்தைவிடப் பெரிய நெருக்கடி நேரம். முழுத் திரைப் படத்தையும் வரைந்து வைத்துக்கொள்ள இக்கருவியில் நினைவகம் இல்லை. தொலைக்காட்சிக் குழாயின் மின்கற்றை மேலிருந்து கீழாக வரிவரியாக ஓடும்போதே, அந்தந்த வரியில் என்ன தெரிய வேண்டும் என்பதை நிரல் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஒரு வரிக்குச் செயலிக்குக் கிடைப்பது 76 கடிகாரத் துடிப்புகள். மிக எளிய கட்டளைக்கே 2 துடிப்புகள் செலவாவதால், வரிக்கு அதிகம் போனால் 38 கட்டளைகள். கொஞ்சம் பிந்தினாலும் படம் குலைந்துவிடும். எதிரி எங்கே நகர வேண்டும், குண்டு பட்டதா என்ற கணக்குகளில் பெரும்பகுதி, கற்றை திரையின் அடியிலிருந்து மீண்டும் உச்சிக்குத் திரும்பும் சிறு இடைவெளியில் முடிந்தாக வேண்டும்.

திரையில் நகரும் உருவங்களுக்கென வன்பொருள் தருவது 8 புள்ளி அகலமுள்ள இரண்டு உருவங்கள், இரண்டு குண்டுகள், ஒரு பந்து. பின்னணிச் சுவர்களை இடப்பாதிக்கு மட்டும் 20 கட்டங்களில் வரையறுத்தால், வலப்பாதியில் அதுவே மீண்டும் வரும். அல்லது கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பும்.

ஆட்டம்

மூலத்தில் ஆட்டக்காரர் நாயகன் மாஸ்டர் சீஃபின் கண்வழியே உலகைப் பார்க்கிறார். அந்த முப்பரிமாணப் பார்வைக்கு இங்கே வழியில்லை. ஹேலோ 2600இல் மாஸ்டர் சீஃப் திரையில் நடமாடும் சிறு பச்சை உருவம். ஒரு திரை ஓர் இடம். விளிம்பைக் கடந்தால் அடுத்தது. இப்படி 64 திரைகள். ஒரே பொத்தானுள்ள ஜாய்ஸ்டிக்கால் நடந்தும் சுட்டும் எதிரிகளைக் கடக்க வேண்டும். ஒருமுறை ஆடி முடித்தால் ‘லெஜண்டரி’ என்னும் கடின நிலை திறக்கும். கதை, குரல், வாகனங்கள் கழிந்த பிறகும், தலைக்கவசத்தின் நிறமும் பகைவரின் உடல்வாகும் ஹேலோ ரசிகருக்கு ஆளைக் காட்டிக் கொடுத்துவிடுகின்றன.

பிற முயற்சிகளும் சட்டமும்

டீமேக் செய்பவர்கள் பெரும்பாலும் பிறருடைய கதைமாந்தரையும் பெயரையும் கையாள்வதால் உரிமைச் சிக்கல் எப்போதும் அருகிலேயே நிற்கிறது. 2007இல் வந்த ‘போர்ட்டல்’ விளையாட்டை 1996ஆம் ஆண்டுக் கன்சோலான நிண்டெண்டோ 64க்குக் கொண்டுவந்த ரசிகர் முயற்சி, 2024 ஜனவரியில் போர்ட்டலின் உரிமையாளரான வால்வ் நிறுவனம் கேட்டுக்கொண்டதால் விலக்கப்பட்டது. நிண்டெண்டோவுக்கு உரிய நிரல் தொகுப்புகளை அம்முயற்சி சார்ந்திருந்ததே காரணம். வேறு வழியில் போனவர்களும் உண்டு. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3’ஐ 8 பிட் நிண்டெண்டோவில் ஓட வைக்கத் தொடங்கிய பிரையன் ப்ரொவின்சியானோ, அதைச் சொந்தப் படைப்பாக மாற்றி 2012இல் ‘ரெட்ரோ சிட்டி ராம்பேஜ்’ என்று வெளியிட்டார்.

அங்கீகாரம்

2013இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம், ‘ஃப்ளவர்’ என்ற விளையாட்டுடன் ஹேலோ 2600ஐயும் தன் சேகரிப்பில் சேர்த்தது. பெருநிறுவனம் ஒன்று பெரும் குழுவை வைத்து எடுத்த மூலம் இருக்க, அருங்காட்சியகம் அன்று தேர்ந்தது 4 கிலோபைட்டுக்குள் முடிந்த இந்தச் சிறு வடிவத்தை.