பிள்ளை யாருக்கு? அன்னி பெசன்ட் கண்ட இரு வழக்குகள்

சேலம் மாவட்டத்து ஆட்டையாம்பட்டியைப் பலரும் அதன் முறுக்கால் அறிவர். அவ்வூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் மணமுறிவைத் 'தீர்த்துவிடுதல்' என்பார்கள். கணக்குத் தீர்ப்பதைப் போன்ற சொல். நகையும் பாத்திரமும் சீர்ப்பணமும் அவ்வாறே தீர்ந்துவிடும். தீராமல் நிற்பது பிள்ளை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளில், சாதியார் முன்னிலையில் துரும்பு கொடுத்து மனைவியை விலக்கும் வழக்கம் பதிவாகியுள்ளது. பிள்ளைகள் பெரும்பாலும் தகப்பன் வழிக்கே என்பதும் அக்குறிப்புகளில் தெரிகிறது. இதை நம் பட்டிக்காட்டு வழக்கம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. இலண்டன் நீதிமன்றமும் ஏறத்தாழ இதையே செய்தது. அதை அனுபவித்தவர், பின்னாளில் அடையாற்றில் குடியேறிய அன்னி பெசன்ட்.

பாதிரியார் ஃபிராங்க் பெசன்டை அவர் மணந்தது 1867இல். 1873இல் இருவரும் சட்டப்படி பிரிந்தனர். மகன் டிக்பி தந்தையிடம், மகள் மேபல் தாயிடம் என்று பத்திரம் எழுதிக்கொண்டனர். 1877இல் கருத்தடை பற்றிய நூலொன்றைச் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து வெளியிட்டதற்காக அன்னி பெசன்ட் குற்றக்கூண்டில் நின்றார். மறு ஆண்டே, மகளைத் தன்னிடம் ஒப்படைக்கக் கோரிக் கணவர் நீதிமன்றம் சென்றார். நீதிபதி ஜார்ஜ் ஜெசல் தாயின் நாத்திகத்தையும் அந்நூலையும் காரணங்காட்டி, சிறுமியைத் தந்தையிடம் ஒப்படைத்தார். கையெழுத்திட்ட பத்திரம் காற்றில் போயிற்று. மேல்முறையீட்டுக்குப் பின் பிள்ளைகளைப் பார்க்கும் உரிமை கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு சந்திப்பும் பிள்ளைகளை அலைக்கழிப்பதைக் கண்டு, அவர்கள் தாமாகப் புரிந்து முடிவெடுக்கும் வயது வரும்வரை பார்ப்பதில்லை, எழுதுவதுமில்லை என்று அந்தத் தாய் தீர்மானித்தார். தம் தன்வரலாற்றில் இதை அவரே எழுதியிருக்கிறார். உரிமையை வென்றபின் அதைப் பயன்படுத்தாமல் விட்ட இந்த முடிவு சரியா என்று நமக்கு இன்றும் ஐயம்தான். ஆனால் பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தவர் அவ்வழக்கில் அவர் ஒருவரே. வளர்ந்தபின் மக்கள் இருவரும் தாயிடம் வந்து சேர்ந்தனர்.

இனிச் சென்னை. ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அலுவலர் ஜிட்டு நாராயணையா, மனைவியை இழந்தவர், 1909இல் மக்களுடன் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். அடுத்த ஆண்டு கிருஷ்ணமூர்த்தி, நித்தியானந்தா என்னும் மைந்தர் இருவருக்கும் பெசன்டைக் காப்பாளராக்கி எழுதிக் கொடுத்தார். பெசன்ட் அவர்களை இங்கிலாந்தில் விட்டுவந்தபின், 1912இல் பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடுத்தார். லெட்பீட்டர் என்பவரின் சேர்க்கை பிள்ளைகளுக்கு ஆகாது என்பது அவர் சொன்ன காரணங்களுள் முதன்மையானது. செங்கல்பட்டில் தொடங்கிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாறியது. தந்தைக்காக சி. பி. ராமசாமி ஐயர், பெசன்ட் தமக்காகத் தாமே வாதாடினார். 1913இல் நீதிபதி பேக்வெல் பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்கச் சொன்னார். மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது.

ஒரு காலத்தில் மகளை இழந்த தாய், இப்போது பிறர் மக்களைத் தர மறுக்கிறார். இதைக் கண்டு நகைப்பது எளிது. இரு வழக்கிலும் காகிதத்தில் எழுதிய உடன்பாடு நிற்கவில்லை என்பதுதான் நமக்கு முக்கியமாகப் படுகிறது. 1914 மே மாதம் இலண்டன் பிரிவி கவுன்சில் சென்னைத் தீர்ப்புகளை நீக்கியது. தந்தையின் காப்புரிமை ஒரு புனிதப் பொறுப்பு. அதை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம், திரும்பவும் பெறலாம். ஆயினும் பிள்ளைகளின் நலனைப் பார்க்காமல் அவர்களை ஓரிடத்திலிருந்து பெயர்க்கக் கூடாது என்றது. இங்கிலாந்தில் வசிக்கும் பிள்ளைகள் மீது செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றும் சொன்னது. எல்லாவற்றிலும் பெரிய குறை, அப்பிள்ளைகள் வழக்கில் கேட்கப்படவே இல்லை என்பது. வழக்குத் தொடுத்தபோது மூத்தவருக்கு வயது பதினேழு, இளையவருக்குப் பதினான்கு. வாய் பேசத் தெரியாதவர்கள் அல்லர்.

விடுதலைக்குப் பின் வந்த 1956ஆம் ஆண்டு இந்து மைனர், காப்பாளர் சட்டம் தந்தையை இயற்கைக் காப்பாளராகவும், 'அவருக்குப் பின்' தாயையும் வைத்தது. ஐந்து வயது நிரம்பாத குழந்தை மட்டும் சாதாரணமாகத் தாயிடம் இருக்கும். அந்த இரு சொற்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர் கோயம்புத்தூரில் பிறந்த ஆங்கில நாவலாசிரியர் கீதா ஹரிஹரன். மகன் பெயரில் கடன்பத்திரம் வாங்கத் தகப்பன் கையொப்பம் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கேட்டதே காரணம். மணமுறிவு வழக்கின் நடுவில் இருந்த வந்தனா சிவாவின் மனுவும் அதனோடு சேர்ந்தது. 1999இல் வந்த தீர்ப்பு, 'பின்' என்பதைத் தந்தை உயிரோடிருக்கையிலும் பொறுப்பில் இல்லாதபோது எனப் பொருள்கொள்ளச் சொன்னது. உரை மாறியது, மூலம் மாறவில்லை. தொல்காப்பிய உரையாசிரியர்களைப் படிப்போருக்கு இது புதிதன்று. பிரிந்த பெற்றோர் இருவரும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள வழிவகுக்கும் கூட்டுக் காப்பைச் சட்ட ஆணையம் 2015இல் தன் 257ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது.

ஆட்டையாம்பட்டித் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்காக வழக்கு நடந்தாலும் நீதிமன்றம் புரட்டும் சட்டங்களில் ஒன்று 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம். நாராயணையா வழக்குக்கு இருபத்திரண்டு ஆண்டு மூத்தது. அறிந்து தேர்வு சொல்லும் வயதுள்ள பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருதலாம் என்று அதன் 17ஆம் பிரிவு சொல்கிறது. 'கருதலாம்' என்றே இன்றும் இருக்கிறது.